தோல் சோபாவைச் சரிசெய்ய நல்ல ஆள் வேண்டும்

வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறோம். அப்பா ஆசையாக வாங்கிய சோபா, மரச்சட்டம் இன்னும் உறுதி. தூக்கிப்போட மனமில்லை.

உட்காரும் இடமும் கைப்பிடியும் அசல் தோல். மேலோட்டமான வெடிப்புதான், சாயம் ஏற்றினால் தேறிவிடும் என்று நம்புகிறேன். ஆனால் முதுகுப்புறமும் பக்கவாட்டும் பி.யூ., அதாவது துணிமேல் பிளாஸ்டிக் பூச்சு பூசிய செயற்கைத் தோல். நம் ஊர்ப் புழுக்கத்தில் அந்தப் பூச்சு செதில் செதிலாக உரிகிறது. ஒரு தடவை உரியத் தொடங்கினால் பசையோ பெயிண்டோ நிற்காது, புது உறைதான். கேட்ட ஒரு கடையில் மொத்தத்தையும் பி.யூ.வாகவே மாற்றச் சொன்னார்கள். நல்ல தோலை ஏன் கிழிக்க வேண்டும்?

கெப்போங், செலாயாங் பக்கம் நிறம் பொருத்திச் செய்பவர்களைத் தெரியுமா? உள்ளே அமுங்கிப்போன ஸ்பாஞ்சையும் மாற்ற வேண்டும். அப்புறம், நீங்கள் செய்திருந்தால் எவ்வளவு ரிங்கிட் ஆனது என்றும் சொல்லுங்கள்.