முட்டிநடையா, மடிவிரல் நடையா?

அட்டனிலிருந்து:

அன்புள்ள நண்பர்களே,

மனிதக் கூர்ப்பு (பரிணாமம்) பற்றிய உயர்தர வகுப்புக் குறிப்பில், சிம்பன்சியும் கொரில்லாவும் தரையில் நடக்கும் விதத்தை, ஆங்கிலத்தில் knuckle-walking என்பதை, 'முட்டிநடை' என்று எழுதியிருந்தேன். ஒரு மாணவி எழுந்தாள்: "சேர், முழங்காலாலா நடக்கும்?" இந்தியத் தொலைக்காட்சி நாடகங்களில் முட்டிவலி என்றால் முழங்கால் வலிதான். அவளைக் குறை சொல்ல முடியாது.

அதற்குப் பதிலாக நம் குழுவில் முன்மொழியப்பட்ட 'கணுநடை'யும் எனக்கு ஒட்டவில்லை. என் வகுப்பில் பாதிப் பேர் தோட்டத்துப் பிள்ளைகள். கணு என்றதும் தேயிலை நாற்றுமேடையில் நடும் துண்டுதான் அவர்கள் நினைவுக்கு வரும். போதாததற்குக் கணுக்கால் வேறு குறுக்கே நிற்கிறது.

சொல்லை விட்டு என்பைப் பார்ப்போம். சிம்பன்சி நடக்கும்போது முன்னுடலின் பாரம் விரல் மொளியின் (விரல் மூட்டின்) மேட்டில் இறங்குவதில்லை. மடக்கிய விரல்களின் நடுவென்புகளில், அவற்றின் முதுகுப்புறத்தில் இறங்குகிறது. உள்ளங்கை தரையில் படுவதே இல்லை. கிளையைப் பற்றுவதற்கு வாய்த்த நீண்டு வளைந்த விரல்கள் தரையில் இடைஞ்சல், ஆகவே மடித்துக்கொள்கிறது. உள்ளங்கைக்குள் இருக்கும் நீண்ட என்பான அனுமணிக்கட்டென்பின் தலையில், முதுகுப்பக்கமாக, ஒரு வரம்பு எழும்பியிருக்கிறது. முன்கையில் பெருவிரல் பக்கமாக இருக்கும் ஆரையென்பின் நுனியிலும் அப்படி ஒன்று, மணிக்கட்டு பின்னோக்கி மடங்கிவிடாமல் தடுக்க. ஹக்கலைப் பூங்காவில் நம் கையிலிருந்து வாழைப்பழத்தைப் பறிக்கும் குரங்கு இப்படிச் செய்யாது; அது கையை விரித்தே ஊன்றும்.

எனவே 'மடிவிரல் நடை' என்கிறேன். சுடுசோறு, ஊறுகாய் போல வினைத்தொகை. முட்டிநடையைத் தூக்கி எறியவும் வேண்டாம். ஒராங்குட்டான் தரைக்கு இறங்கினால் பெரும்பாலும் பொத்திய கையை ஊன்றித்தான் நடக்கும். முட்டி என்பதன் பழைய பொருளும் பொத்திய கைதானே?

பேராதனையிலிருந்து:

ஐயா, மடி என்றால் சோம்பலும்தான். சோம்பேறி விரல் என்று உங்கள் மாணவி கேட்கமாட்டாளா? மற்றபடி எனக்கு உடன்பாடே. ஒருவர் 'மூதாதை நடை' என்று முன்மொழிந்திருந்தார். அதை மட்டும் ஏற்கவே கூடாது. மனித மரபின் பழைய உறவான அவுஸ்திரலோபித்தேக்கசின் ஆரையென்பு நுனியில் இந்த நடையின் அடையாளம் எஞ்சியிருப்பதாக 2000ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் ரிச்மண்டும் ஸ்ட்ரெய்ட்டும் எழுதினார்கள். அப்படியானால் நம் முன்னோரும் ஒரு காலத்தில் விரல் மடித்து நடந்தவர்கள். 2009இல் கிவெல், ஷ்மிட் என்ற வேறு இரு ஆய்வாளர்கள் மறுத்தார்கள்: கொரில்லா மணிக்கட்டைத் தூண்போல நேராக வைக்கிறது, சிம்பன்சி அதைவிட வளைக்கிறது, ஆகவே இரண்டும் இந்த நடைக்குத் தனித்தனியாக வந்திருக்கலாம் என்றார்கள். அதே ஆண்டில் விரிவாக வெளிவந்த ஆர்டிபித்தேக்கசு, மனித மரபைச் சேர்ந்ததாகக் கருதப்படும் 44 லட்சம் ஆண்டு பழைய உயிர்ச்சுவடு. அதன் கையிலும் மடிவிரல் நடைக்குரிய அடையாளங்கள் இல்லை என்றே ஆய்வாளர்கள் எழுதினார்கள். வழக்கு முடியுமுன் தீர்ப்பைப் பெயருக்குள் எழுதிவைப்பது சரியா?

அட்டனிலிருந்து:

தம்பி, 'மூதாதை நடை' பற்றி நீங்கள் சொன்னது முற்றிலும் சரி. சோம்பலைப் பொறுத்தவரை, மடித்த வேட்டியைப் பார்த்து யாரும் சோம்பேறி வேட்டி என்று நினைப்பதில்லையே! புணர்ச்சி விதிப்படி 'மடிவிரனடை' என்றே எழுத வேண்டும் என்று ஒரு புலவர் தனிமடலில் கண்டித்திருக்கிறார். பிள்ளைகளின் பல்லை நினைத்து இரண்டு சொல்லாகவே பிரித்து எழுதுகிறேன். நாளை கரும்பலகையில் சிம்பன்சியின் கையையும் ஒராங்குட்டானின் கையையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து, பெயர்களை எழுதாமல் விட்டு, அந்த மாணவியையே எழுதச் சொல்லப்போகிறேன்.