பீட்டர் கேப்ரியல் ஜெனிசிஸை விட்டு வந்தது லாபமா நஷ்டமா?

பழைய கேசட்:
நேற்று ஒரு நண்பர் டீக்கடையில் அடித்துச் சொன்னார், பாடகர் பீட்டர் கேப்ரியல் என்றால் ஜெனிசிஸ் என்ற ஆங்கிலேய ராக் பேண்டில் பாடிய காலம் மட்டும்தான், 1975இல் பேண்டை விட்டு வந்த பிறகு செய்ததெல்லாம் ஸ்டுடியோவில் பொம்மை வைத்து விளையாடியதுதான் என்று. இரவு முழுக்கத் தூக்கம் வரவில்லை எனக்கு. அவர் வெளியே வந்திருக்காவிட்டால் 1980 ஆல்பம் கிடைத்திருக்குமா? முதல் நாலு தனி ஆல்பத்துக்கும் பெயரே 'பீட்டர் கேப்ரியல்' தான், வார இதழ் மாதிரி ஒரே தலைப்பு, அட்டைப்படம் மட்டும் மாறும் (நாலாவதுக்கு மட்டும் அமெரிக்காவில் வேறு பெயர் ஒட்டினார்கள்). அட்டையைப் பார்த்துத்தான் ரசிகர்கள் கார், கீறல், உருகல் என்று அடையாளம் சொல்வார்கள். நான் சொல்வது முகம் உருகி வழிகிற அந்த மூன்றாவது ஆல்பம். ராக் இசையில் அதற்கு இணையாகப் பத்து ஆல்பம் தேறாது என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

மழைநாள் வானொலி:
வந்துவிட்டேன். உங்கள் நண்பர் சொன்னதில் பாதி சரி. 1974இல் வந்த ஜெனிசிஸின் 'தி லாம்ப் லைஸ் டவுன் ஆன் பிராட்வே' இரட்டை ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வரிகளை ஏறக்குறைய முழுக்க கேப்ரியல் எழுதினார், இசையை மற்றவர்கள் கட்டினார்கள், உள்ளே ஒரே புகைச்சல். ஆனால் அந்தப் புகைச்சலில் பொரிந்து வந்த இசையில் ஒரு வீரியம் இருக்கிறது. அதற்கப்புறம் 1977இல் வந்த முதல் தனி ஆல்பத்தைக் கேளுங்கள். ஒரு பாட்டில் நாலு பேர் சேர்ந்து பாடும் பழைய அமெரிக்க 'பார்பர்ஷாப்' பாணி, இன்னொன்றில் லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா, நடுவே ஒரு ப்ளூஸ். கல்யாண வீட்டு பஃபே மாதிரி எல்லாம் இருக்கிறது, எதையும் வயிறாரச் சாப்பிட முடியவில்லை.

பழைய கேசட்:
பஃபே சரி, ஆனால் அதில் 'சோல்ஸ்பரி ஹில்' இருக்கிறதே ஐயா! பேண்டை விட்டு வந்த மனநிலையையே பாட்டாக்கியது. பாத் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு குன்றின் மேல் நின்று யோசிக்கிற ஆள். ஏழு எண்ணிக்கையில் ஓடுகிற பாட்டு என்பதே பலருக்குத் தெரியாது. தொடையில் தட்டிப் பாருங்கள், நம் மிஸ்ர சாபு பழகிய கைக்கு உடனே பிடிபடும், மற்றவர்களுக்கு எங்கேயோ ஒரு தட்டு குறைவது மட்டும் தெரியும். ஊரை விட்டுப் போகிறவன் கால் தடுக்கிய மாதிரியும் இருக்கிறது, துள்ளிய மாதிரியும் இருக்கிறது.

தவில்காரன்:
தாளம் என்றதும் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. மூன்றாவது ஆல்பத்தில் சிம்பலே (டிரம் செட்டில் மாட்டியிருக்கும் உலோகத் தட்டு) கிடையாது, கவனித்தீர்களா? டிரம் வாசிப்பவர்கள் சிம்பலைத் தொடக்கூடாது என்று கேப்ரியல் தடை போட்டுவிட்டார். வாசிக்கிறவனுக்குத்தான் தெரியும் அது எவ்வளவு கொடுமை என்று, கை பழக்கத்தில் தன்னாலே அங்கே போகும். என்னிடம் ஒரு கச்சேரிக்குத் தவிலின் வலந்தலையைத் தொடாமல் வாசி என்று சொன்னால் எழுந்து போய்விடுவேன்.

முதல் பாட்டு 'இன்ட்ரூடர்' ஆரம்பத்தைக் கேளுங்கள். அடி விழுந்ததும் பெரிய மண்டபத்தில் விழுந்தது போலச் சத்தம் விரிகிறது, அதன் வால் ஓடத் தொடங்குவதற்குள் கத்தரிக்கோலால் நறுக்கியது போல நின்றுவிடுகிறது. லண்டன் டவுன்ஹவுஸ் ஸ்டுடியோவில் கலைஞர்கள் உள்ளிருந்து ஒலிப்பதிவாளரிடம் பேசுவதற்காக மாட்டியிருந்த மைக்கில் தற்செயலாகச் சிக்கிய சத்தம் அது. ஒலிப்பதிவாளர் ஹியூ பாட்ஜம் அதை விடாமல் பிடித்துக்கொண்டார். எண்பதுகளின் டிரம் சத்தமே அங்கிருந்துதான் பரவியது.

சரி, அன்றைக்கு டிரம்மில் உட்கார்ந்திருந்தது யார் தெரியுமா? பில் காலின்ஸ். ஜெனிசிஸில் கூட வாசித்த பழைய கூட்டாளி!

மழைநாள் வானொலி:
பார்த்தீர்களா, நான் சொல்ல வந்ததைத் தவில்காரன் அண்ணனே சொல்லிவிட்டார். தனி ஆல்பத்தின் உச்சம் என்று நீங்கள் தூக்கிக் கொண்டாடுவதிலும் அடிக்கிறவர் பழைய பேண்டுக்காரர்.

தவில்காரன்:
அடித்தவர் காலின்ஸ், சிம்பலைத் தூக்கி வெளியே வைக்கச் சொன்னவர் கேப்ரியல். தம்பி, ஜெனிசிஸில் இருந்தபோது அந்த உத்தரவைப் போட முடிந்திருக்குமா?

பொடிநடை:
நான் இந்தக் கூட்டத்தில் சின்னவன், 'ஸ்லெட்ஜ்ஹாமர்' வீடியோ பார்த்து உள்ளே வந்தவன். 1986இல் வந்த 'சோ' ஆல்பத்தைப் பற்றி ஏன் யாருமே பேசவில்லை? வீடியோவுக்காகப் பதினாறு மணி நேரம் கண்ணாடிக்கு அடியில் அசையாமல் படுத்திருக்கிறார் மனிதர், மேலே ஒவ்வொரு ஃபிரேமாகப் பழம், மீன் எல்லாம் நகர்த்திப் படம் பிடித்திருக்கிறார்கள். அதோடு ஒரு வேடிக்கை, அந்தப் பாட்டு அமெரிக்காவில் முதலிடத்துக்கு ஏறியபோது அங்கிருந்து இறங்கியது ஜெனிசிஸின் 'இன்விசிபிள் டச்'.

பழைய கேசட்:
தம்பி, 'சோ' நல்ல ஆல்பம்தான். ஆனால் எனக்கு அது சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்த கேப்ரியல். 1980இல் வந்தவர் கசங்கிய சட்டையோடு வந்தார். அமெரிக்காவில் அட்லாண்டிக் நிறுவனம் மூன்றாவது ஆல்பத்தை வெளியிட மறுத்து, பிறகு மெர்க்குரி வெளியிட்டது. விற்காது என்று அவர்கள் நினைத்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டு 'பீகோ'. தென்னாப்பிரிக்காவில் போலீஸ் காவலில் 1977 செப்டம்பரில் செத்துப்போன நிறவெறி எதிர்ப்புப் போராளி ஸ்டீவ் பீகோவைப் பற்றியது. மேடையில் அதைக் கடைசியாகத்தான் வைப்பார். கூட்டம் பாடிக்கொண்டே இருக்கும், கலைஞர்கள் ஒவ்வொருவராக மேடையை விட்டு இறங்குவார்கள், கடைசியில் டிரம்மரும் எழுந்துவிடுவார், பாட்டு மட்டும் சனங்களிடம் நிற்கும். இதை எந்த ஜெனிசிஸ் பாட்டில் பார்த்தீர்கள்?

மழைநாள் வானொலி:
'பீகோ' முன்னால் நான் கைகட்டி நிற்கிறேன், அதில் சண்டை இல்லை. என் புகார் வேறு. புதிய பாட்டுகளோடு வந்த ஆல்பங்களை எண்ணுங்கள்: 'சோ' 1986, 'அஸ்' 1992, 'அப்' 2002, அப்புறம் 'ஐ/ஓ' 2023. இடைவெளி ஆறு, பத்து, இருபத்தொன்று. பேண்டில் இருந்தபோது வருஷத்துக்கு ஒன்று என்ற கணக்கில் போனவர். தனியாக இருப்பவருக்குப் "போதும்பா, இதோடு விடு" என்று சொல்ல பக்கத்தில் ஆள் இல்லை. 'சோ' சமயத்தில் வரிகளை எழுதி முடிக்கமாட்டேன் என்கிறார் என்று தயாரிப்பாளர் டேனியல் லான்வா அவரை உள்ளே விட்டுக் கதவில் ஆணி அடித்துவிட்டதாகச் சொல்வார்கள். நாலு பேர் இருந்த இடத்தில் ஆணி வேண்டியிருக்கவில்லை. அந்த 'ஐ/ஓ' ஆல்பத்தையே பாருங்கள், பௌர்ணமிக்கு ஒரு பாட்டு என்று வெளியிட்டு, அதிலும் வெளிச்சப் பக்கம், இருட்டுப் பக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஒலிக்கலவை. எது நன்றாக இருக்கிறது என்று முடிவெடுக்க முடியாத ஆள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

யாழ்தேவி:
அந்த இடைவெளியில் மனிதர் தூங்கவில்லை. 'பேஷன்' என்று 1989இல் ஒரு ஆல்பம், மார்ட்டின் ஸ்கோர்செசி படத்துக்குச் செய்த இசை, ஒருவரும் வாயே திறக்கவில்லையே. அதில் வயலின் வாசித்திருப்பது எல். சங்கர். யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர், எல். சுப்பிரமணியத்தின் தம்பி. இரண்டு கழுத்தும் பத்துத் தந்தியும் கொண்ட அவருடைய இரட்டை வயலின் கீழ்ச் சுருதிக்கு இறங்கும்போது, வயலின்தான் என்று சத்தியம் செய்தாலும் நம்பமாட்டார்கள். என் அப்பாவுக்கு ஒருமுறை போட்டுக் காட்டினேன், பெயர் சொல்லாமல். ஒரு கமகத்தைக் கேட்டதும் பேப்பரைக் கீழே வைத்தார், "இது நம்மடை ஆள்" என்றார்.

மழைநாள் வானொலி:
அடுத்தவர் இசையை எடுத்துத் தன் பெயரைப் போட்டுக்கொண்டார் என்றும் ஒரு குற்றச்சாட்டு உண்டே அக்கா?

யாழ்தேவி:
உண்டு, நியாயமான கேள்விதான். ஆனால் அதே வருஷம் 'பேஷன் சோர்சஸ்' என்று இன்னொரு ஆல்பம் போட்டு, தன் இசைக்கு ஊற்றாக இருந்தவர்களின் இசையைத் தனியாகக் கேட்க வைத்தார். எத்தனை பேர் அப்படிச் செய்திருக்கிறார்கள்?

மழைநாள் வானொலி:
சரி, அதில் விட்டேன். ஆனால் கடைசியாக ஒன்று. 1982இல் வோமாட் என்ற உலக இசை விழாவை ஷெப்டன் மாலட்டில் நடத்திக் கடனில் மூழ்கினாரே, கை கொடுத்தது யார்? பழைய ஜெனிசிஸ் நண்பர்கள். அக்டோபர் 2, மில்டன் கீன்ஸ், கொட்டுகிற மழை, சவப்பெட்டிக்குள் படுத்துக்கொண்டு மேடைக்கு வந்தார் மனிதர்.

பழைய கேசட்:
பெட்டியில் வந்து பழைய பாட்டைப் பாடிவிட்டு, மறுபடி தன் வழியில்தானே போனார்.

பொடிநடை:
எல்லாரும் சண்டை போட்டது போதும், நான் இன்றைக்கு எதில் ஆரம்பிக்கட்டும்?

யாழ்தேவி:
'பேஷன்'. இரவில், விளக்கை அணைத்துவிட்டு.

மழைநாள் வானொலி:
'லாம்ப்'. அடுத்த கேள்வி.

தவில்காரன்:
'இன்ட்ரூடர்' கேள் தம்பி. ஹெட்போன் போட்டுக் கேள், ராத்திரியில் ஸ்பீக்கரில் போட்டு எதிர்வீட்டுக்காரர் கதவைத் தட்ட, அந்தத் தட்டலும் பாட்டில் சேர்ந்ததுதான் என்று நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.