கருணாமிர்த சாகரம் பழைய பதிப்பு கட்டுப்படியாகும் விலையில் கிடைக்குமா?

அனைவருக்கும் வணக்கம். ஆபிரகாம் பண்டிதர் 1917இல் தஞ்சாவூரிலிருந்து வெளியிட்ட 'கருணாமிர்த சாகரம்' என்ற தமிழிசை ஆராய்ச்சி நூலின் முதல் பதிப்பைத் தேடுகிறேன். ஆயிரம் பக்கத்தைத் தாண்டும் புத்தகம். இணையத்தில் ஸ்கேன் இருக்கிறதுதான். ஆனால் சுருதிக் கணக்குகளைத் திரையில் மேலும் கீழும் தள்ளிப் படிப்பது பெரும்பாடு.

இங்கே சிங்கப்பூரில் பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ் பழைய புத்தகக் கடைகளில் கேட்டாயிற்று. அங்கே தமிழ்ப் புத்தகமே அபூர்வம். சென்னை வியாபாரி ஒருவர் சொன்ன விலைக்கு நல்ல வீணையே வாங்கிவிடலாம்!

அட்டை கிழிந்திருந்தாலும், நூலக முத்திரை இருந்தாலும் சரி. சேகரிப்பாளர்கள் ஒதுக்கும் அந்த மாதிரிப் பிரதிதான் நமக்குக் கட்டுப்படியாகும். பூச்சி அரித்திருக்கலாம், எழுத்து போயிருக்கக் கூடாது. பக்கமும் குறையக் கூடாது.

அப்புறம், 75 ஆண்டு தாண்டிய கையெழுத்துப் படிகளையும் ஆவணங்களையும் இந்தியாவிலிருந்து வெளியே கொண்டுவர 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடையாக நிற்கிறது. இவ்வளவு பழைய அச்சுப் புத்தகத்தை யாராவது விமானத்தில் எடுத்து வந்திருக்கிறீர்களா? சுங்கத்தில் என்ன கேட்டார்கள்?

வீட்டில் தாத்தா காலத்துப் புத்தகங்களைக் பழைய சாமான் வாங்கும் காராங்குனிக்காரரிடம் போடும் யோசனை இருந்தால், அதற்கு முன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். 200 வெள்ளி வரை தருவேன். தேக்கா, பிடோக், ஜூரோங் எங்கே என்றாலும் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.