பிளாட்பாரத்தில் இருக்கும் அக்காவுக்கு பேங்க் அக்கவுண்ட்: முகவரிச் சான்றுக்கு எங்கே போவது?

மின்ட்தெருக்காரன்:

விஷயம் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள், நாலு நாளாக அலைந்துவிட்டேன்.

சென்னையில் எங்கள் கடைக்குப் பக்கத்தில், வால்டாக்ஸ் ரோடு பிளாட்பாரத்தில் ஒரு அக்கா குடும்பத்தோடு இருக்கிறார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பிறந்ததே அங்கேதான், அவர் அம்மா காலத்திலிருந்து அதே இடம். ஒரு தார்ப்பாய், இரண்டு பிளாஸ்டிக் குடம், மழை வந்தால் எங்கள் கடை ஷட்டர் ஓரம். பகலில் பூண்டு உரிக்கிறார், சாயங்காலம் சென்ட்ரல் பக்கம் ஒரு லாட்ஜில் கூட்டிப் பெருக்கும் வேலை. லாட்ஜ் சம்பளம் இத்தனை வருடமும் கையில்தான் வந்தது. இப்போது கான்ட்ராக்ட் கைமாறிவிட்டது. புது ஆள் வந்து, மாதம் 9,500 ரூபாய், அடுத்த மாதத்திலிருந்து அக்கவுண்டில்தான் போடுவேன், அக்கவுண்ட் இல்லையென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார்.

அக்காவிடம் இருப்பது ஒரு பழைய ரேஷன் கார்டு. ஆதாருக்கு எப்போதோ ஒரு முகாமில் கைரேகை, கண் எல்லாம் கொடுத்தாராம், அந்தச் சீட்டு 2015 மழையில் மற்ற சாமான்களோடு போய்விட்டது, கார்டு வந்து சேரவேயில்லை. ஓட்டர் ஐடி கிடையாது. நான் கூட்டிக்கொண்டு போன பேங்கில் (பெயர் வேண்டாம்) கவுன்டரில் இருந்தவர் ரேஷன் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது செல்லாது, ஈபி பில் இல்லையென்றால் வாடகை ஒப்பந்தம் கொண்டு வாங்க என்றார். "பிளாட்பாரத்துக்கு யார் சார் மீட்டர் வெச்சுக் குடுத்தாங்க" என்று அக்கா கேட்டதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் ஃபாரம் வரவில்லை.

வீடே இல்லாதவர் அக்கவுண்ட் திறக்க வழி இருக்கிறதா? அதுவரைக்கும் சம்பளத்தை என் அக்கவுண்டில் போடச் சொல்லி நான் எடுத்துக் கொடுத்தால் தப்பா?

ரிட்டயர்டு கேஷியர்:

இரண்டாவது கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம் தம்பி. உங்கள் மனசு நல்ல மனசுதான், ஆனால் கான்ட்ராக்டர் ஏட்டில் சம்பளம் வாங்குகிறவர் நீங்கள் என்று ஆகிவிடும். நாளைக்கு பிஎஃப், இஎஸ்ஐ என்று ஏதாவது பேச்சு வந்தால் அந்த அம்மாவின் பெயர் ஒரு காகிதத்திலும் இருக்காது. நடுவில் நீங்கள் ஊருக்குப் போய்விட்டால் அவர் யாரிடம் போய் நிற்பார்?

இப்போது முதல் கேள்வி. கவுன்டர்காரர் சொன்னதில் பாதி சரி. ரிசர்வ் வங்கியின் கே.ஒய்.சி. (வாடிக்கையாளர் யார் என்று சரிபார்க்கும்) வழிகாட்டுதலில் ஒப்புக்கொள்ளப்பட்ட ஆவணங்கள் ஆறுதான்: பாஸ்போர்ட், டிரைவிங் லைசென்ஸ், ஆதார், வாக்காளர் அட்டை, நூறு நாள் வேலை அட்டை, தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டுக் கடிதம். ரேஷன் கார்டு அதில் இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ரேஷன் கார்டுதான் எல்லாவற்றுக்கும் ராஜா, அந்த நினைப்பில் இன்றும் எத்தனையோ பேர் அதைத்தான் பத்திரமாக வைத்திருக்கிறார்கள், பாவம்.

ஆனால் மீதிப் பாதியை அவர் சொல்லவில்லை. இந்த ஆறில் ஒன்றுகூட இல்லாதவருக்கு என்றே அதே வழிகாட்டுதலில் 'சிறு கணக்கு' இருக்கிறது. ஒரு போட்டோ, வங்கி அதிகாரியின் கண் முன்னால் போட்ட கையெழுத்து அல்லது கைநாட்டு, நேரில் பார்த்தேன் என்று அதிகாரி எழுதித் தரும் ஒரு வரி. அவ்வளவுதான். ஈபி பில் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஏழைகளுக்கான மத்திய அரசுத் திட்டமான ஜன் தன் கணக்கையே இப்படித் திறக்கலாம், மினிமம் பேலன்ஸ் தொல்லையும் கிடையாது. கவுன்டரில் நிற்காதீர்கள், நேராக மேனேஜர் அறைக்குப் போய் "ஸ்மால் அக்கவுண்ட்" என்ற வார்த்தையைச் சொல்லிக் கேளுங்கள். பல கிளைகளில் அதற்கான ஃபாரமே எங்கே இருக்கிறது என்று தேடுவார்கள், அது உங்கள் தப்பு இல்லை.

வரம்புகள் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் பிறகு என்னைத் திட்டுவீர்கள். ஒரு நிதியாண்டில் மொத்த வரவு 1 லட்சம் ரூபாய்க்கு மேல் போகக்கூடாது, எந்த நாளிலும் இருப்பு 50,000 தாண்டக்கூடாது, மாதத்தில் எடுப்பதும் அனுப்புவதும் சேர்த்து 10,000க்குள். அரசு உதவித்தொகை வந்து விழுந்தால் அது அந்த 50,000 வரம்பில் சேராது. கணக்குக்கு ஆயுள் 12 மாதம். அதற்குள் ஏதாவது ஒரு ஆவணத்துக்கு விண்ணப்பித்ததற்கான சீட்டைக் காட்டினால் இன்னும் 12 மாதம் நீளும்.

9,500 என்கிறீர்களே, கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏப்ரலிலிருந்து பத்து மாதம் சம்பளம் ஏறினால் 95,000. பதினோராவது சம்பளம் உள்ளே நுழையாது. அதனால் சிறு கணக்கு இப்போதைக்குக் கால் வைக்கத்தான். ஆதாரையோ ஓட்டர் அட்டையையோ பக்கத்திலேயே வைத்துத் தொடருங்கள்.

நாலணா:

படிக்கும்போதே தலை சுற்றுகிறது சார். எங்கள் பாட்டி கடைசி வரை மளிகைக்கடை அண்ணாச்சியிடம்தான் பணம் கொடுத்து வைத்தார், ஒரு பைசா குறையவில்லை. தெரிந்த கடைக்காரரிடம் கொடுத்து வைத்தால் போதாதா, அந்த அம்மாவை ஏன் கியூவில் நிறுத்துகிறீர்கள்?

காப்பக வார்டன்:

நான் மாநகராட்சி வீடற்றோர் காப்பகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். மின்ட்தெரு சார், ஒரே ஒரு விஷயத்தில் அவசரப்படாதீர்கள்: புதிதாக ஆதார் எடுக்கிறேன் என்று போய் மறுபடி ரேகை கொடுக்க வேண்டாம். முகாமில் கொடுத்தது பதிவாகியிருந்தால் அவருக்கு எண் எப்போதோ உருவாகியிருக்கும், கார்டு தபாலில் வந்து, கொடுக்க வீடு இல்லாமல் திரும்பிப் போயிருக்கும். இரண்டாவது தடவை கொடுத்தால் ஏற்கெனவே இருக்கிறது என்று நிராகரித்துவிடும், ஏன் என்றே தெரியாமல் அலைவீர்கள். எங்களிடம் ஒரு பெரியவர் இப்படியே மூன்று தடவை ரேகை கொடுத்து மூன்று தடவையும் நிராகரிப்பு வாங்கியிருந்தார். ஆதார் சேவை மையத்தில் சீட்டு தொலைந்துவிட்டது, எண்ணைக் கண்டுபிடித்துத் தாருங்கள் என்று கேளுங்கள், ரேகையையோ கண்ணையோ வைத்துத் தேடுவார்கள்.

பூண்டு உரிக்கிறவர் என்றீர்களே, அதுதான் கவலை. பூண்டும் சோப்புத் தண்ணீரும் சேர்ந்தால் விரலில் ரேகை தேய்ந்துபோகும். கட்டை விரல் விழவில்லை என்று திருப்பி அனுப்பினால் வந்துவிடாதீர்கள், பத்து விரலையும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், அப்புறம் கருவிழி.

எண்ணே இல்லை என்று தெரிந்தால் மட்டும் புதுப் பதிவு. அதற்கு ஆதார் ஆணையம் கொடுத்திருக்கும் படிவத்தில் கவுன்சிலர், எம்எல்ஏ, அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி யாராவது கையெழுத்துப் போடலாம், அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் பொறுப்பாளரும் போடலாம். சொந்த லெட்டர்பேடில் எழுதி வாங்கி வராதீர்கள், அந்தப் படிவத்திலேயே இருக்க வேண்டும். பெரியவர்களுக்குப் புது ஆதார் என்றால் மாநில அரசின் சரிபார்ப்பும் உண்டு, மாதக்கணக்கில் இழுக்கலாம். கேஷியர் சார் சொன்ன சிறு கணக்கு அந்த இடைவெளிக்குத்தான் உதவும், பதிவுச் சீட்டை பேங்கில் காட்டிக்கொள்ளலாம்.

ஓட்டர் அட்டைக்கு இதைவிட நல்ல வழி இருக்கிறது, யாருக்கும் தெரிவதில்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6 இல் அவர் படுக்கும் இடத்தையே முகவரியாக எழுதலாம். வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் வந்து அவர் அங்கேதான் படுக்கிறாரா என்று பார்க்க வேண்டும், அதுவும் ஒரு இரவு பார்த்தால் போதாது. பார்த்து உறுதி செய்துவிட்டால் வேறு முகவரிச் சான்று கேட்கக்கூடாது என்பது தேர்தல் ஆணைய விதி. கதவு எண் இடத்தில் சுழியம் போட்டு வந்த அட்டையை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு பக்கத்தையும் சொல்கிறேன். ஊருக்கு வெளியே கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று வீடு கொடுத்து அனுப்பப்பட்டவர்களில் பலர் வேலைக்காக மறுபடி இங்கேயே வந்து படுக்கிறார்கள். அவர்கள் கையில் முகவரி பக்காவாக இருக்கிறது, ஆள்தான் அங்கே இல்லை. பேங்குக்கு அதில் ஒரு பிரச்சினையும் கிடையாது பாருங்கள்.

தங்கசாலை:

நாலணா அண்ணா, நான் பத்து வயது வரை பிளாட்பாரத்தில் வளர்ந்தவன். கடைக்காரர் நல்லவராக இருந்தால் நீங்கள் சொல்வது சரி. எங்கள் அம்மா யாரையும் நம்ப மாட்டார், பணத்தைச் சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் செருகி, அதற்கு மேல் புடவையை இரண்டு சுற்று சுற்றிக்கொண்டுதான் படுப்பார். ஒரு நாள் விடியற்காலையில் எழுந்து பார்த்தால் புடவையோடு சேர்த்து பிளேடால் அறுத்து எடுத்திருந்தார்கள். இடுப்பில் ஒரு சின்னக் கீறல். அம்மா கீறலைப் பார்க்கவேயில்லை, புடவை போச்சே என்றுதான் முதலில் அழுதார், பணம் ஞாபகம் வந்தது அப்புறம்தான். அன்றைக்கு அது என் அக்கா கல்யாணத்துக்குச் சேர்த்தது. கியூவில் நிற்பது கஷ்டம்தான், நிற்கட்டும்.

மின்ட்தெரு சார், அக்கவுண்ட் திறக்கும்போது ஏடிஎம் கார்டைத் தபாலில் அனுப்ப விடாதீர்கள். கிளையிலேயே கையில் வாங்கிக்கொள்கிறோம் என்று எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் அதுவும் ஆதார் கார்டு போன வழியில்தான் போகும்.

மின்ட்தெருக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரமாக எழுத நேரமில்லை.

வார்டன் மேடம் சொன்னது அப்படியே நடந்தது. ஆதார் மையத்தில் கட்டை விரல் விழவில்லை, மற்ற விரலும் விழவில்லை, கருவிழியை வைத்ததும் எண் வந்துவிட்டது. இத்தனை வருடமும் நம்பர் இருந்திருக்கிறது! முகவரியில் முகாம் நடத்தியவர்கள் எழுதிய ஏதோ ஒரு கடை, அந்தக் கடையே இப்போது இல்லை. அக்கா அந்தப் பிரிண்டை வாங்கி போட்டோவையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார், "அப்போ எம்மாம் முடி பாரு" என்றார்.

பேங்கில் மேனேஜரைப் பார்த்தோம். ஸ்மால் அக்கவுண்ட் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார், ஆதார் இருக்கிறதே, எதற்குச் சிறு கணக்கு என்று அவரே கேட்டார். ஆதாரை ஆன்லைனில் சரிபார்த்துவிட்டு, இப்போது இருக்கும் இடம் வேறு என்றால் எழுதிக் கொடுத்தால் போதும் என்றார். வால்டாக்ஸ் ரோடு, நடைபாதை, எங்கள் கடை எண்ணைப் போட்டு 'எதிரில்' என்று எழுதி, அக்கா கைநாட்டு வைத்தார். ஜன் தன் கணக்கு. கார்டு கையிலேயே கொடுத்துவிட்டார்கள்.

ஒரு சந்தேகம் பாக்கி. தெருமுனையில் விரல் வைத்துப் பணம் எடுத்துத் தரும் கடைக்காரரிடம் முயற்சி செய்தோம், ரேகை விழவில்லை. ஏடிஎம்மில் அக்காவுக்கு நம்பர் அடிக்கப் பயம், என்னையே வந்து அடிக்கச் சொல்கிறார். பின் நம்பரை நான் தெரிந்துகொள்வது சரியில்லை என்று எனக்கே தோன்றுகிறது. அவருடைய பேத்தி ஆறாவது படிக்கிறாள், அவளுக்குச் சொல்லிக் கொடுக்கலாமா, இல்லை மாதம் ஒரு நாள் பேங்குக்கே போய் சலானில் எடுப்பதுதான் நல்லதா? கேஷியர் சார் இருக்கிறீர்களா?

ரிட்டயர்டு கேஷியர்:

இருக்கிறேன். சலானே போதும், சம்பளம் விழுந்த மறுநாள் கூட்டமாக இருக்கும், ஒரு நாள் விட்டுப் போகச் சொல்லுங்கள். பாஸ்புக்கில் என்ட்ரி போட்டு வாங்காமல் வர வேண்டாம். பேத்தியைக் கூட அழைத்துப் போகட்டும், அவள் படித்துக் காட்டட்டும்.