18 வீதக் கணக்கில் கருவாட்டை ஏன் இழுக்கிறீர்கள்?

குச்சவெளி மகள்:
இங்கே ஒரு ரீச்சர், “பெண்கள் தினமும் 50 கிராம் கருவாடு சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து 18 வீதம் கூடும், உலக சுகாதார ஸ்தாபனமே சொல்லிவிட்டது” என்று எழுதியிருக்கிறார். அதை ஆளாளுக்கு அனுப்பி, நாங்கள் கருவாடு காய வைத்து விற்கும் வாடிக்கு வழக்கமாக வரும் அக்காமாரே இப்போது யோசிக்கிறார்கள். அந்த 18 வீதம் 2015 அக்டோபரில் ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் சொன்னது. சொசேஜ், பேக்கன், ஹாம் போன்ற பதப்படுத்திய இறைச்சிக்குச் சொன்னது. அதில் கட்டா மீன் எங்கே, நெத்தலி எங்கே? கருவாடு என்று எழுதியிருக்கும் இடத்தைக் காட்டுங்கள்.

உப்புவெளி ரீச்சர்:
அந்த ரீச்சர் நான்தான், ஒளித்துப் பேச வேண்டாம். உப்புப் போடுவது, புகை போடுவது, ஊற வைப்பது எல்லாம் பதப்படுத்தல் என்று அதே அறிக்கையில்தான் இருக்கிறது. நீங்கள் தொட்டியில் என்ன போடுகிறீர்கள் தங்கச்சி, சீனியா?

குச்சவெளி மகள்:
என்ன போடுகிறோம் என்று கேளுங்கள். கட்டாவை முதுகால் பிளந்து, குடலும் செவுளும் எடுத்து, கடல் தண்ணீரில் இரத்தம் போகக் கழுவி, கல்லுப்புத் தடவித் தொட்டியில் அடுக்குகிறோம். மறுநாள் எடுத்து அலசிக் கிடுகில் பரப்பி வெயிலில் காய வைக்கிறோம். அவ்வளவுதான். சொசேஜில் நிறத்துக்கும் கெடாமலிருக்கவும் நைற்றைற் போடுகிறார்கள். அது குடலில் போய், புற்றுநோய் உண்டாக்கக்கூடிய நைற்றோசோ சேர்மங்களாக மாறுகிறது என்பதுதான் பயம். எங்கள் தொட்டியில் நைற்றைற் இல்லை. இறைச்சிக்குச் சொன்னதை மீனுக்கு மாற்றி எழுதியது நீங்கள்.

கிண்ணியாக் கரை:
சண்டை பிடிக்கிற இரண்டு பேரும் சேர்ந்து கடைசியில் மாட்டிறைச்சியில்தான் வந்து நிற்பீர்கள் என்று தெரியும். ஒவ்வொரு தடவையும் இதே கதை. எங்கள் வீட்டில் உம்மா, மூத்தம்மா எல்லோரும் மாட்டிறைச்சி சாப்பிட்டு எண்பது தாண்டினவர்கள்.

குச்சவெளி மகள்:
நானா, நான் மாட்டிறைச்சி பற்றி வாயே திறக்கவில்லை. நீங்களாக வந்ததால் சொல்கிறேன். அமெரிக்கத் தாதியர் ஆய்வு 1990இல் வந்தது, 88,751 பெண்கள். மாடு, பன்றி, ஆடு தினமும் சாப்பிட்டவர்களுக்கு, மாதம் ஒரு தடவைகூடச் சாப்பிடாதவர்களை விட ஏறக்குறைய இரண்டரை மடங்கு ஆபத்து. அதே ஆய்வில் மீன் சாப்பிட்ட பெண்களுக்கு ஆபத்து குறைவாக இருந்தது. ரீச்சர், இதையும் வாசித்தீர்களா?

உப்புவெளி ரீச்சர்:
அமெரிக்கத் தாதி எந்த ஊர்க் கருவாட்டைத் தின்றாள்? அவள் சாப்பிட்டது மீன். உங்களுக்கு வசதி என்றால் மீனும் கருவாடும் ஒன்று, வசதி இல்லை என்றால் வேறு. உப்பு மீன் அந்த முகவரகத்தின் முதலாம் பட்டியலிலேயே இருக்கிறது, புற்றுநோய் வரும் என்று உறுதியான பட்டியல். அதை ஏன் மறைக்கிறீர்கள்?

குச்சவெளி மகள்:
மறைக்கவில்லை. பட்டியலில் இருப்பது சீன முறை உப்பு மீன். அது மூக்குக்குப் பின்னால் தொண்டையின் மேல் பகுதியில் வரும் புற்றுநோய்க்காகப் போடப்பட்டது. மூக்கு எங்கே, பெருங்குடல் எங்கே? முப்பது வருடம் படிப்பித்தவருக்கு உடம்பின் படம் தெரியாதா?

உப்புவெளி ரீச்சர்:
என் படிப்பிப்பை இழுக்க வேண்டாம். உங்கள் அண்ணன் என் வகுப்பில்தான் இருந்தான், அவனிடம் கேளுங்கள். போன வருடம் கிணற்றுத் தண்ணீர் விவாதத்திலும் இப்படித்தான் நீங்கள் ஆளைத் தாக்கினீர்கள். இன்னும் மறக்கவில்லை.

தம்பலகாமத்தான்:
கருவாட்டை விடுங்கள். 2025 ஜனவரியில் ஒக்ஸ்போர்ட் ஆய்வு வந்ததே. 5 இலட்சத்து 42 ஆயிரம் பெண்கள், பதினாறு வருடத்துக்கு மேல் பின்தொடர்ந்திருக்கிறார்கள், 97 வகை உணவுக் காரணிகள். அதில் ஆபத்தைக் குறைப்பதில் முதல் இடம் கல்சியத்துக்கு. ஒரு பெரிய கிளாஸ் பாலில் இருக்கிற அளவு, 300 மில்லிகிராம், நாளுக்குக் கூடினால் ஆபத்து 17 வீதம் குறைவு. எதிர்ப்பக்கத்தில் மது, நாளுக்கு 20 கிராம் மதுசாரம் கூடினால் 15 வீதம் அதிகம். ஆகவே பெண்கள் தம்பலகாமத்துத் தயிர் சாப்பிடட்டும்.

கிண்ணியாக் கரை:
ஒக்ஸ்போர்ட்டில் தம்பலகாமம் என்றா எழுதியிருக்கிறது? எருமைத் தயிர் என்றால் கிண்ணியா. சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது.

தம்பலகாமத்தான்:
உங்கள் ஆட்கள் எங்கள் பட்டியில் பால் வாங்கித்தானே உறைய வைக்கிறார்கள். இதைப் போன வருடமே சொன்னேன், பதில் வரவில்லை.

உப்புவெளி ரீச்சர்:
தம்பி, அமெரிக்காவில் 36,282 பெண்களுக்கு ஏழு வருடம் கல்சியமும் விற்றமின் டியும் கொடுத்துப் பார்த்தார்கள், 2006இல் முடிவு வந்தது. பெருங்குடல் புற்றுநோய் குறையவில்லை. தயிர் விற்க வேறு இடம் பாருங்கள். நான் பெண்களிடம் சொல்வது ஒன்றுதான்: தவிடு போகாத சிவப்பரிசி, குரக்கன், கீரை சாப்பிடுங்கள், நார்ச்சத்து குடலைக் காக்கும்.

தம்பலகாமத்தான்:
அவர்களுக்குக் கொடுத்தது குளிசை ரீச்சர். நான் சொல்வது பால்.

குச்சவெளி மகள்:
நார்ச்சத்து பற்றிச் சொன்னீர்கள் ரீச்சர். அதே தாதியர் ஆய்வு 1999இல் 16 வருடக் கணக்கைப் பார்த்து, பெண்களுக்கு நார்ச்சத்தால் பாதுகாப்பு தெரியவில்லை என்றது. பிறகு 2003இல் ஐரோப்பாவின் பத்து நாடுகளில் 5 இலட்சத்துக்கு மேற்பட்ட ஆண்களையும் பெண்களையும் பார்த்த ஆய்வு, பாதுகாப்பு இருக்கிறது என்றது. நானும் சிவப்பரிசிதான் சாப்பிடுகிறேன். ஆனால் ஆய்வுகள் முட்டிக்கொள்ளும் விஷயத்தில் நீங்கள் உறுதியாகப் பேசுகிறீர்கள், ஆய்வே காட்டாத கருவாட்டில் அதைவிட உறுதியாகப் பேசுகிறீர்கள். அப்புறம் அந்த 18 வீதம் என்றால் நூறு பெண்களில் பதினெட்டுப் பேருக்கு வரும் என்று இல்லை. ஏற்கெனவே இருக்கிற சிறிய ஆபத்து, அதில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகக் கூடுகிறது. இதை உங்கள் மாதர் சங்கத்தில் சொன்னீர்களா? இல்லை. பயம் காட்டினீர்கள்.

மூதூர் மருமகள்:
நான் இங்கே அதிகம் எழுதுவதில்லை. என் மாமிக்கு மலத்தோடு இரத்தம் போனது. மூலம் என்று சொல்லிக் குளிசை கொடுத்தார்கள், அவவும் வெட்கத்தில் யாரிடமும் திரும்பச் சொல்லவில்லை. பிறகு முகம் வெளுத்து, படி ஏற மூச்சு வாங்கி, இரத்தம் குறைவு என்றார்கள். அதற்கும் இரும்புச்சத்துக் குளிசைதான். குடலுக்குள் கமரா விட்டுப் பார்த்தபோது கட்டி பெரிதாகிவிட்டது. மாமி கருவாடு சாப்பிட்டவ, தயிரும் சாப்பிட்டவ. மலத்தில் இரத்தம் கண்டால் எதைச் சாப்பிட்டோம் என்று பாராமல் டொக்டரிடம் போங்கள் என்று யாராவது இங்கே எழுதுங்களேன்.

உப்புவெளி ரீச்சர்:
பார்த்தீர்களா, கருவாடு சாப்பிட்டவ என்று அவவே சொல்கிறா.

குச்சவெளி மகள்:
ரீச்சர்! ஒரு பிள்ளை மாமியின் வருத்தத்தைச் சொல்லும்போது அதிலும் கருவாட்டைத் தேடுகிறீர்களே. மூதூர்ப் பிள்ளை, நீங்கள் சொன்னது சரி, அதைத் தனியாகப் பதிவு செய்யுங்கள், நான் எல்லோருக்கும் அனுப்புகிறேன். ரீச்சர், நான் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை.

உப்புவெளி ரீச்சர்:
பதில் தருகிறேன். கருவாட்டில் ஈ மொய்க்காமல் இருக்கப் பூச்சி மருந்து அடிக்கிறார்கள் என்று சந்தையில் எல்லோரும் பேசுகிறார்கள். அதற்கு என்ன ஆய்வு வேண்டும்?

குச்சவெளி மகள்:
18 வீதத்தில் தொடங்கினீர்கள், மூக்குக்குப் போனீர்கள், இப்போது பூச்சி மருந்து. எந்த வாடியில் அடிக்கிறார்கள், யார் கண்டது? எங்கள் பரணில் வலை போட்டுத்தான் காய வைக்கிறோம். ஒரு நாள் வெயிலில் வந்து நின்று பாருங்கள்.

உப்புவெளி ரீச்சர்:
அந்த மணத்துக்கு நான் ஏன் வர வேண்டும்?

கிண்ணியாக் கரை:
தயிர்க் கதைக்கு வாருங்கள். பட்டியில் பால் வாங்குகிறோம் என்று சொன்னவர் எந்தப் பட்டி என்று சொல்லட்டும்.

தம்பலகாமத்தான்:
சொல்கிறேன். முதலில் சட்டி விலையை நீங்கள் சொல்லுங்கள்.

குச்சவெளி மகள்:
தயிர்க்காரர்கள் வேறு இடத்தில் சண்டை பிடியுங்கள். ரீச்சர், மணம் பிடிக்காவிட்டால் சாப்பிட வேண்டாம், அது உங்கள் விருப்பம். ஆனால் அந்த 18 வீதப் பதிவை இன்னும் எடுக்கவில்லை. நேற்றிரவு வரை ஆட்கள் அதைத்தான் பகிர்கிறார்கள்.

உப்புவெளி ரீச்சர்:
எடுக்க மாட்டேன்.