புதுப்பிப்பு: "தமிழ்ப் பெண்கள்" என்று ஒரே குழுவாக எடுக்கலாமா?

என் சமூகப்பணி ஆய்வில், கொழும்பில் உதவி கேட்டு வரும் தமிழ்ப் பெண்களை ஒரே குழுவாக எடுக்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். வேண்டாம் என்றுதான் பலர் சொன்னீர்கள். நீங்கள் சொன்னது சரி.

கொட்டாஞ்சேனையில் ஒரு அக்காவுடன் கதைத்தேன். மலையகத் தோட்டத்தில் பிறந்தவர், சின்ன வயதிலேயே வீட்டு வேலைக்கு வந்தவர், ஒரு காது கேளாது. உதவிப்பணத்துக்காக ஓர் அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். படிவம் சிங்களத்தில் மட்டும். தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டார்கள்தான். ஆனால் அவர் கண்ணாடிக்கு அப்பால் இருந்து சொன்னதில் பாதி இவருக்குக் கேட்கவில்லை. "நிரந்தர முகவரிக்கு வேலை செஞ்ச வீட்டையா எழுதுறது, லயத்தையா?" என்று என்னிடம் கேட்டார். லயம் என்பது தோட்டத் தொழிலாளர் இருக்கும் வரிசை வீடு. மடித்து மடித்தே கிழிந்துபோன பிறப்புச் சான்றிதழ் கையில் இருந்தது.

அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் எழுதியதும் இதைத்தான். ஜெனரல் மோட்டர்ஸ் கார் நிறுவனம் மீதான வழக்கில் கறுப்பினப் பெண்களின் முறைப்பாட்டை நீதிமன்றம் இனம் வேறு, பால் வேறு என்று பிரித்துப் பார்த்தது. இரண்டும் சேர்ந்து அவர்களைத் தாக்கியது கணக்கில் வரவில்லை. இங்கே மொழி, வர்க்கம், காது கேளாமை, அப்புறம் மலையகத் தமிழருக்குக் குடியுரிமை மறுத்த 1948 குடியுரிமைச் சட்டம் அந்தக் குடும்பங்களில் விட்டுப்போன ஆவணச் சிக்கல், எல்லாம் ஒரே யன்னலில் சேர்கின்றன. வெள்ளவத்தையில் சொந்த வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு அந்த யன்னலே வேறு.

அதனால் கேள்விக்கொத்தை மாற்றிவிட்டேன். "நீங்கள் எந்த இனம்?" என்பது இப்போது கடைசியில். முதல் கேள்வி: "கடைசியாக உதவி கேட்டுப் போனபோது எந்த இடத்தில் திரும்பி வந்தீர்கள்?" அடுத்த கிழமை அந்த அக்காவுடன் நானும் போகிறேன், படிவத்தை நிரப்ப.