தொட்டித் தாமரை: மூன்று மாதமாக மிதக்கும் இலை மட்டுமே, புது இலையும் வெளிறுகிறது

மாடிக்குளம்:
18 அங்குல அகலம், 12 அங்குல உயரம், ஓட்டையில்லாத கறுப்பு பிளாஸ்டிக் டப். கிழங்கு நட்டு மூன்று மாதம் ஆகிறது. இருபது இலைக்கு மேல் வந்துவிட்டது, எல்லாம் தண்ணீரில் மிதப்பவைதான். ஒன்றுகூட நிமிர்ந்து எழவில்லை. கடைசியாக வந்த நாலைந்து இலைகளில் நரம்பு பச்சை, இடைப்பகுதி மஞ்சள். ஓரம் காய்ந்து பழுப்பாகிறது. தண்ணீரும் பச்சையாகிவிட்டது. இன்னும் உரம் வைக்கலாமா?

சேற்றுக்கை:
உரத்தைக் கையில் எடுக்காதீர்கள். முதலில் மூன்று விஷயம் சொல்லுங்கள். மண் கலவை என்ன, எந்த வரிசையில் போட்டீர்கள்? இதுவரை என்ன உரம், எவ்வளவு, எப்படி வைத்தீர்கள்? மண்ணை விரலால் அழுத்தினால் குமிழி வருகிறதா, வந்தால் என்ன வாடை? வெயில் எத்தனை மணி நேரம், தண்ணீர் எங்கிருந்து என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

மாடிக்குளம்:
அடியில் மண்புழு உரமும் தேங்காய் நார்த்தூளும் கலந்து 3 அங்குலம், மேலே செம்மண் 3 அங்குலம். அதற்கு மேல் 4 அங்குலம் தண்ணீர். பத்து நாள் முன்பு இரண்டு டீஸ்பூன் டி.ஏ.பி. உரம் (நைட்ரஜனும் பாஸ்பரஸும் உள்ளது) தண்ணீரில் தூவினேன். அழுத்தினால் நிறையக் குமிழி, அழுகின முட்டை வாடை, மண் கறுப்பு. வெயில் ஏழு மணி நேரம். போர்வெல் தண்ணீர், பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். கொசுப்புழுவுக்காக விட்டிருந்த கப்பி மீன்கள் போன வாரம் செத்துவிட்டன.

சேற்றுக்கை:
வெயிலில் குறையில்லை. தப்பு அடிமண்ணில் இருக்கிறது.

தண்ணீருக்கு அடியில் காற்று போகாது. மட்கும் பொருள் அங்கே நிறைய இருந்தால் அது அழுகி ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு உண்டாகும். அந்த முட்டை வாடை அதுதான். வேர் கருகும். செம்மண்ணில் இருக்கும் இரும்போடு இந்த வாயு சேர்ந்து கறுப்பு இரும்பு சல்ஃபைடாகிவிடும், மண் கறுத்திருப்பது அதனால்தான். இரும்பு மண்ணில் இருந்தும் செடிக்கு எட்டாது. போதாக்குறைக்கு உங்கள் தண்ணீர் கடினநீர், பி.எச்., அதாவது காரத்தன்மை, ஏறியிருக்கும். தூவிய டி.ஏ.பி.யின் பாஸ்பரஸும் இரும்பை முடக்கும். நரம்பு பச்சை, நடுவில் மஞ்சள், அதுவும் புது இலையில் என்றால் இரும்புப் பற்றாக்குறை. பழைய இலை மட்டும் மஞ்சளாகி உதிர்ந்தால் கவலை வேண்டாம், அது வயது.

ஓரம் கருகியதும் தண்ணீர் பச்சையானதும் உரத்தால். டி.ஏ.பி.யில் 18 சதவீதம் நைட்ரஜன். இரண்டு டீஸ்பூன் சுமார் 10 கிராம், அதில் நைட்ரஜன் 1.8 கிராம். உங்கள் டப்பில் தண்ணீர் ஏறக்குறைய 16 லிட்டர். லிட்டருக்கு நூறு மில்லிகிராமைத் தாண்டுகிறது. சூடான, பி.எச். 8க்கு மேலான தண்ணீரில் மீனைக் கொல்ல இதில் இருபதில் ஒரு பங்கே போதும்.

மண்ணை மாற்றுங்கள். டப்பை வெயில் தாழ்ந்த பிறகு சாய்த்துத் தண்ணீரை வடித்துவிட்டு, ஹோஸ் பைப்பில் மெதுவாகத் தண்ணீர் பாய்ச்சி மண்ணைக் கரைத்தே கிழங்கை வெளியே எடுங்கள். பிடுங்கவோ கொத்தவோ கூடாது. புது மண் வண்டலோ களிமண் அதிகமுள்ள தோட்ட மண்ணோ இருக்கட்டும். ஈர மண்ணைப் பென்சில் பருமனுக்குத் திரித்து மோதிரம்போல் வளைத்துப் பாருங்கள். விரிசல் விடாமல் வளைந்தால் அந்த மண் சரி, உடனே உதிர்ந்தால் மணல் அதிகம். 6 அங்குலம் முழுக்க அதே மண், வேறெதுவும் கலக்க வேண்டாம். நார்த்தூள் மேலே மிதந்து வரும், மிதக்காதது அழுகும்.

அல்லிப்பித்தன்:
மண்ணை இப்போதே மாற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. மூன்று மாதத்தில் ரன்னர், அதாவது கிழங்கிலிருந்து மண்ணுக்குள் ஓடும் தண்டு, டப்பை ஒரு சுற்று சுற்றியிருக்கும். அது முருங்கைக்காய் மாதிரி மடக்கென்று ஒடியும். நுனி போனால் பின்னாலுள்ள கணுவிலிருந்து கிளை வர வேண்டும், வராமலும் போகலாம். தண்ணீரை முழுக்க மாற்றி, இ.டி.டி.எச்.ஏ. வகை கீலேட்டட் இரும்பு (செடிக்கு எட்டும்படி கரைந்தே நிற்கும் இரும்பு உரம்) 1 கிராம் மண்ணுக்குள் அழுத்திவிட்டு இரண்டு வாரம் பாருங்கள். தண்ணீர் சிவக்கும், அது உரத்தின் நிறம்தான். கடையில் கிடைக்கும் மற்ற சாதாரண கீலேட் வகைகள் இந்தக் கடினநீரில் அவ்வளவாக நிற்காது.

சேற்றுக்கை:
ரன்னர் நலமாக இருந்தால் நீங்கள் சொல்வதுதான் சரி, அதை முதலில் பார்த்துவிடலாம். நண்பரே, கடைசியாக வந்த இலையின் காம்பைப் பிடித்துக்கொண்டு விரலை மண்ணுக்குள் இறக்குங்கள். காம்பு ரன்னரில் சேரும் இடம் ஒரு முடிச்சாகத் தட்டுப்படும். அதிலிருந்து முன்னால் போங்கள், கூர்மையான கொழுந்து கிடைக்கும். கொழுந்தை இழுக்காதீர்கள், தொட்டால் போதும். அது விறைப்பாக, வெள்ளையாக இருந்தால் அல்லிப்பித்தன் வழி. கொழகொழவென்று பழுப்பாக நசுங்கினால் என் வழி, அதுவும் இன்றைக்கே.

மாடிக்குளம்:
பார்த்துவிட்டேன். ரன்னர் இரண்டு. ஒன்றின் நுனி நசுங்கிப் பழுப்பாகிவிட்டது, அழுத்தினதும் தோல் கழன்றுவந்தது. இன்னொன்று மேல் மண்ணிலேயே ஓடுகிறது, வெள்ளையாக இருக்கிறது. நுனி சுண்டுவிரல் பருமன்.

அல்லிப்பித்தன்:
அப்படியானால் மாற்றத்தான் வேண்டும். இன்றில்லாவிட்டால் நாளை நல்லதும் கீழிறங்கி அந்தக் கறுப்பில் மாட்டும். அழுகியதை வெள்ளைத் திசு தெரியும் வரை சுத்தமான கத்தியால் வெட்டுங்கள். நல்ல ரன்னரில் கொழுந்துக்குப் பின்னால் குறைந்தது இரண்டு கணு, இரண்டு மிதக்கும் இலை இருக்கட்டும். வட்ட டப்தானே? சதுரமாக இருந்தால் மூலையில் நுனி முட்டி நின்றுவிடும். விளிம்போரமாகப் படுக்க வைத்து, கொழுந்து நடுவைப் பார்த்து லேசாக மேல்நோக்கி இருக்கும்படி, உடம்பை மட்டும் 1 அங்குலம் மண்ணால் மூடுங்கள். மிதந்து கிளம்பாமலிருக்க ஒரு தட்டைக்கல். தண்ணீர் முதலில் 2 அங்குலம் போதும், இலை எட்ட எட்ட ஏற்றுங்கள். கிடைத்தால் மழைத்தண்ணீர் ஊற்றுங்கள். இரும்பு இப்போது வேண்டாம், புது மண்ணிலும் இலை வெளிறினால் மட்டும்.

கறுப்பு டப் மதியத்தில் அடுப்பாகிவிடும். பக்கவாட்டில் சாக்கோ வெள்ளைத் துணியோ சுற்றுங்கள். மேலே நிழல் விழக்கூடாது.

மாடிக்குளம்:
பழுத்த இலைகளை எங்கே வெட்டுவது? அடுத்த உரம் எப்போது?

சேற்றுக்கை:
நீர்மட்டத்துக்கு மேலே வெட்டுங்கள். காம்புக்குள் காற்றுக்குழாய்கள் கிழங்குவரை போகின்றன. நீருக்கு அடியில் வெட்டினால் அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கி அழுகல் ஆரம்பிக்கும். மிதக்கும் இலையில் காம்பை ஒரு சாண் விட்டுவிட்டு, வெட்டு முனை வெளியே நிற்கும்படி நிமிர்த்தி வையுங்கள். முழுக்கக் காய்ந்தபின் எடுத்தால் இன்னும் நல்லது.

உரம், இரண்டாவது நிமிர்ந்த இலை விரியும் வரை கிடையாது. அதற்கு முன் வேர் போதாது, வைத்தது தண்ணீரில் கரைந்து பாசிக்குத்தான் போகும். பிறகு 10-26-26 கலப்பு உரம் (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாஷ் சதவீதம்) 3 கிராம், அரை டீஸ்பூனுக்குச் சற்று மேல். களிமண் உருண்டைக்குள் வைத்து, டப் ஓரத்தில், கொழுந்திலிருந்து ஒரு கை தூரத்தில், 3 அங்குல ஆழத்தில் அழுத்துங்கள். இருபது நாளுக்கு ஒருமுறை போதும். டி.ஏ.பி.யில் பொட்டாஷ் இல்லை, பூவுக்கு அது வேண்டும்.

அல்லிப்பித்தன்:
அந்த இரண்டாவது நிமிர்ந்த இலை விரியும் வரை மீனை விட வேண்டாம். கொசுப்புழுவுக்குப் பி.டி.ஐ. பாக்டீரியா மாத்திரை போடுங்கள், செடிக்கும் மீனுக்கும் கெடுதல் இல்லை. அசுவினி வந்தால் வெறும் தண்ணீரைப் பீய்ச்சியடித்தாலே போகும். வேப்பெண்ணெய் தெளித்தால் இலைமேல் உள்ள மெழுகு போய், வெயிலில் தீய்ந்துவிடும்.

ஒன்று விட்டுப்போச்சு. முதல் மொட்டு குண்டூசித் தலை அளவில் கறுத்து விழுந்தால் பதறி உரத்தைக் கூட்டாதீர்கள், புதுச்செடியில் அது சகஜம். மூன்றாவது, நான்காவது நிமிர்ந்த இலைக் காம்பின் அடியில் பாருங்கள், அடுத்தது அங்கிருந்துதான் கிளம்பும்.

மாடிக்குளம்:
மண் மாற்றியாச்சு. கொழுந்து ஒடியவில்லை. அடியிலிருந்த கலவை வாளியில் கறுப்பாக நிற்கிறது. அதைச் சாதாரணப் பூச்செடிகளுக்குப் போடலாமா?

சேற்றுக்கை:
போடலாம். ஒரு வாரம் நிழலில் பரப்பிக் கிளறிவிட்டு வாடை போனதும் போடுங்கள். காற்றுப்பட்டால் கறுப்பு பழையபடி பழுப்பாகிவிடும்.